அச்சு வெட்டும் முன் கொக்கியைச் சற்றுச் சிறிதாக வரையுங்கள்

குன்னூரில் தேயிலை வெட்டும் கத்தரியின் சேகரிப்புத் தட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கிளிப் வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். திரீடி பிரின்டரில் எடுத்த மாதிரி கச்சிதமாகப் பொருந்திவிட்டால், உடனே கோயம்புத்தூருக்கு அச்சு (உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்க்கும் இரும்பு மோல்டு) வெட்ட அனுப்பக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

அச்சில் இரும்பைச் செதுக்கி எடுப்பது சுலபம். எடுத்த இடத்தில் திரும்பச் சேர்க்க வெல்டிங் வரை போக வேண்டும், செலவு எகிறிவிடும். செதுக்கச் செதுக்க அந்த இடத்தில் பிளாஸ்டிக் தடிக்கும் அல்லவா? அதனால் கிளிப்பின் கொக்கியை 0.2 மி.மீ. சிறிதாக, சற்று லூசாகவே வரையுங்கள். முதல் ஷாட்டில், அதாவது அச்சில் முதன்முறை பிளாஸ்டிக் செலுத்தியதில், வந்த கிளிப்பை மாட்டிப் பார்த்து, தேவையான அளவு மட்டும் செதுக்கச் சொல்லலாம். துளைக்கு நேர்மாறு: பெரிதாக வையுங்கள். அச்சில் அதை உருவாக்கும் இரும்புப் பின்னைத் தேய்த்தால் துளை சிறுக்கும்.

பிளாஸ்டிக் எது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பாலிப்ரொப்பிலீன் ஆறும்போது 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும்; ஏபிஎஸ் 1 சதவீதம்கூடச் சுருங்காது. அச்சு வெட்டிய பிறகு மனசு மாறினால் அத்தனை அளவும் தவறிவிடும். அப்புறம், பக்கச் சுவர்களுக்கு 1 டிகிரியாவது சரிவு வேண்டும், இல்லையென்றால் அச்சைவிட்டுக் கழலாது.

மாதிரியை நைலானில் எடுப்பவர்களுக்கு ஒன்று: நம் மலைப் பனிமூட்டத்தில் நைலான் ஈரத்தை உறிஞ்சிவிடும். நைலான் இழைச் சுருளை 80 டிகிரி செல்சியஸில் ஆறு மணி நேரமாவது உலர்த்திவிட்டுப் பிரின்ட் எடுங்கள்.