ஐரோப்பாவில் தனியாக பேக்பேக்கிங்: கையைக் கடிக்கும் தவறுகள்

ஐரோப்பாவைக் குறைந்த செலவில் சுற்றக் கிளம்புகிறவர்களின் பணம் ஆடம்பரத்தில் கரைவதில்லை. சிக்கனம் என்று நினைத்து எடுத்த முடிவுகளில்தான் கரைகிறது. டிக்கெட்டின் விலையைப் பார்ப்பார்கள். அந்த டிக்கெட் பின்னாலேயே இழுத்துக்கொண்டு வரும் செலவைப் பார்க்க மாட்டார்கள். கீழே சொல்லியிருக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலிருந்து கிளம்புபவைதான்.

எல்லா ஊரையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட நினைப்பது

முதல் தடவை போகிறவர்களின் திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பதினைந்து நாளில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், ப்ராக், வியன்னா, வெனிஸ், ரோம், பார்சிலோனா என்று இருக்கும். விசாவுக்கும் விமானத்துக்கும் இவ்வளவு கொட்டிவிட்டோம், எல்லாவற்றையும் பார்த்துவிடலாமே என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் சிக்கனப் பயணத்தில் அதிகம் செலவு வைப்பது தங்குவது அல்ல, நகர்வது.

ஊர் மாறும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை பத்து, பத்தரைக்குள் ஹாஸ்டலை (பயணிகளுக்குப் படுக்கைக் கணக்கில் வாடகைக்கு விடும் விடுதி) காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் படுக்கை கிடைக்க மதியம் இரண்டு, மூன்று மணி ஆகும். நடுவில் ரயில் கட்டணம், இரண்டு ஊரிலும் மெட்ரோ டிக்கெட், பையை வைக்க ஸ்டேஷன் லாக்கர் வாடகை, சமைக்க வழியில்லாததால் ஸ்டேஷன் விலையில் ஒரு சாண்ட்விச். நேற்று ஹாஸ்டல் சமையலறையில் வாங்கி வைத்த அரிசி, எண்ணெய், தயிரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். நகரப் போக்குவரத்தின் மூன்று நாள் பாஸ், வார பாஸ் எதுவும் ஒன்றரை நாள் தங்குகிறவருக்குக் கட்டுப்படியாகாது. இத்தனைக்கும் பிறகு அன்றைக்கு ஊரைப் பார்க்கக் கிடைப்பது ஒரு சாயங்காலம்.

ஒரு மூலையைப் பிடித்துக்கொள்வதுதான் நல்லது. வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து புடாபெஸ்ட் இரண்டரை மணி நேரம். போலந்தின் கிராக்கோவையும் செக் நாட்டையும் சேர்த்துக்கொண்டால் மூன்று வாரம் நிறைவாகப் போகும், விமானமே தேவைப்படாது. இல்லாவிட்டால் போர்ச்சுகலும் தெற்கு ஸ்பெயினும். பாரிஸையோ ஆம்ஸ்டர்டாமையோ பார்த்தே ஆக வேண்டும் என்றால் அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்ச நாட்களை விலை குறைந்த பக்கத்தில் கழியுங்கள். ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து மே மாதமோ செப்டம்பரோ போனால் அதே படுக்கை பல ஊர்களில் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

இருபது யூரோ விமானம்

ரோமிலிருந்து பாரிஸுக்கு இருபது யூரோவுக்கு டிக்கெட் என்று திரையில் வரும். கை உடனே துடிக்கும். அந்த விமானம் இறங்குவது பெரும்பாலும் போவே விமான நிலையத்தில். பெயரில் பாரிஸ் இருக்கும். ஊருக்கும் அதற்கும் 80 கிலோமீட்டருக்கு மேல் தூரம். அங்கிருந்து பேருந்துக்குப் பதினேழு, பதினெட்டு யூரோ, ஒன்றேகால் மணி நேரம். ரோம் பக்கத்திலும் விமான நிலையம் போக ஆறேழு யூரோ. டிக்கெட்டில் அடங்குவது இருக்கைக்கு அடியில் வைக்கும் சின்னப் பை மட்டும்தான். மலிவு விமான நிறுவனமான ராயன்ஏர் இப்போது அனுமதிக்கும் அளவு 40x30x20 சென்டிமீட்டர். சாதாரண நாற்பது லிட்டர் பேக்பேக் இதற்குள் அடங்காது. முன்கூட்டியே பைக்குப் பணம் கட்டினால் இருபது, முப்பது யூரோ. விமானம் ஏறும் கேட்டில் பிடிபட்டால் அதற்கும் மேல். கூட்டிப் பாருங்கள், எழுபது யூரோவைத் தொடும்.

ஃப்ராங்க்ஃபர்ட் ஹான் இன்னும் மோசம், நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டா 100 கிலோமீட்டர். விமான நிலையத்தின் பெயரை வரைபடத்தில் வைத்துப் பார்க்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ராயன்ஏர் போன்ற நிறுவனங்கள், ஐரோப்பியக் குடிமக்கள் அல்லாதவர்களின் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் முன்னரே தங்கள் கவுன்டரில் சரிபார்க்கச் சொல்கின்றன. போர்டிங் பாஸ் போனில் இருக்கிறதே என்று நேராக கேட்டுக்குப் போய், அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு விமானத்தை விட்டவர்கள் உண்டு. அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்கிக் கிளம்புங்கள்.

ரயில் பாஸ் வாங்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை

இந்தியாவிலோ இலங்கையிலோ வசிப்பவர்களுக்கு யூரெயில் பாஸ். ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில். பாஸ் கையில் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறி உட்காரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலான பகல் ரயில்களுக்கு அது சரி. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, ஸ்பெயினின் ஏவிஇ, யூரோஸ்டார் போன்ற அதிவேக ரயில்கள், இரவு ரயில்கள் எல்லாவற்றுக்கும் பாஸ் இருந்தாலும் இருக்கை ரிசர்வேஷன் தனியாகக் கட்ட வேண்டும். இத்தாலியில் ஒரு பயணத்துக்குப் பத்துப் பதினைந்து யூரோ ஆகும்; யூரோஸ்டாரில் அதைவிடக் கூடுதல். பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் சில ரயில்களில் சீக்கிரமே தீர்ந்தும் போகும்.

இன்னொரு பக்கம், சின்னப் பயணங்களுக்குப் பாஸில் எண்ணிக் கொடுத்த பயண நாட்களில் ஒன்றைச் செலவழிப்பது வீண். ஃப்ளோரன்ஸிலிருந்து பீசாவுக்கு உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரம், கட்டணம் பத்து யூரோ அளவில்தான். நீளமான, விலை அதிகமான பயணங்கள் நெருக்கமாக வருகிறபோதுதான் பாஸுக்கு அர்த்தம். ஊர்கள் முடிவாகிவிட்டன என்றால், இரண்டு மாதம் முன்பே தனித்தனி டிக்கெட் எடுப்பது பெரும்பாலும் மலிவு. இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ஜெர்மனிக்குள் மட்டும் சுற்றுகிறவர்கள் டாய்ச்லாண்ட் டிக்கெட்டைப் பார்க்கலாம். 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. உள்ளூர் ரயில், மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாம் அடங்கும். ஐசிஇ போன்ற விரைவு ரயில்கள் அடங்காது. அது மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தா என்பதைக் கவனியுங்கள். அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால், நீங்கள் ஊர் திரும்பிய பிறகும் அடுத்த மாதப் பணம் கார்டிலிருந்து போகும்.

டிக்கெட் வாங்குவது வேறு, முத்திரை குத்துவது வேறு. இத்தாலியின் உள்ளூர் ரயில்களுக்கான காகித டிக்கெட்டையும், ப்ராக் மெட்ரோ, டிராம் காகித டிக்கெட்டையும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து நேரம் பதிக்க வேண்டும். பதிக்காத டிக்கெட் இல்லாத டிக்கெட்டுக்குச் சமம். சுற்றுலாப் பயணி, தெரியாது என்று சொன்னால் பரிசோதகர்கள் விட்டுவிட மாட்டார்கள். ஜெர்மனியில் முறையான டிக்கெட் இல்லாமல் சிக்கினால் 60 யூரோ. மூன்று நாள் சாப்பாட்டுப் பணம் அது.

விசா ஸ்டிக்கரைப் படிக்காமல் விடுவது

பணத்தோடு சேர்த்து அடுத்த பயணத்தையும் காவு வாங்கக்கூடிய தவறு இது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு ஒரே விசாவாகச் செல்லும் ஷெங்கன் விசா என்றால் 90 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உச்ச வரம்பு மட்டும்தான். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள். உங்களுக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்பது பாஸ்போர்ட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. ஜூன் 1 முதல் ஜூலை 10 வரை செல்லும் என்று போட்டிருக்கும்; அதற்குப் பக்கத்திலேயே தங்கும் காலம் 25 நாள் என்றும் இருக்கும். ஜூலை 10 வரை இருக்கலாம் என்று அர்த்தமில்லை. அந்தத் தேதிகளுக்குள் ஏதாவது 25 நாள். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு முறையில் முகப்படத்தோடு உள்ளே வந்த நாளும் வெளியேறிய நாளும் கணினியில் ஏறுகின்றன. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சமமான நாட்கள் என்றால் முதலில் இறங்கும் நாடு. விசா சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொன்ன நாட்டில் விண்ணப்பித்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருப்பது, இறங்கும் இடத்தில் அதிகாரி கேள்வி கேட்கும்போது பெரிய சங்கடமாகும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு விண்ணப்ப நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு, அதனால் கடைசி மாதம் வரை தள்ளாதீர்கள்.

ஒருமுறை நுழைவு விசாவா, பலமுறையா என்பதையும் பாருங்கள். பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. தனி விசா வேண்டும். போஸ்னியா, செர்பியா, அல்பேனியாவும் இல்லை. ஒருமுறை விசாவோடு மோஸ்டார் பாலத்தை ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம் என்று குரோஷியாவிலிருந்து போஸ்னியாவுக்குள் போனால், திரும்பி வர வழியில்லை. குரோஷியாவுக்குள்ளேயே ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகும் பழைய சாலை நெயும் என்ற இடத்தில் போஸ்னியா வழியாகத்தான் செல்கிறது. 2022இல் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு குரோஷியாவை விட்டு வெளியேறாமலேயே போகலாம். பேருந்து எந்த வழி என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

ஷெங்கனுக்குள் எல்லையே கிடையாது என்று பாஸ்போர்ட்டை ஹாஸ்டல் லாக்கரில் விட்டுவிட்டு அடுத்த நாட்டுக்குப் போய் வராதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. ப்ராகிலிருந்து பெர்லின் போகும் பேருந்தில் போலீஸ் ஏறிப் பாஸ்போர்ட் கேட்பது சாதாரணமாக நடக்கும்.

பணம் மாற்றும் இடத்தில்

கார்டு தேய்க்கும்போதும் ஏடிஎம்மிலும், உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா என்று திரை கேட்கும். அன்பாகத்தான் கேட்கும்; வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளூர் நாணயத்திலேயே கழியட்டும். ரூபாயைத் தேர்ந்தால் அவர்கள் வைத்த மாற்று விகிதம். வங்கியின் பெயர் இல்லாமல் சுற்றுலாத் தெருக்களில் நிற்கும் ஏடிஎம்களை விட்டுவிட்டு, வங்கிக் கிளையின் சுவரில் இருப்பதைத் தேடுங்கள்.

யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு எல்லா இடத்துக்கும் போதும் என்பதும் தப்புக் கணக்கு. செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட், போலந்தில் ஸ்லாட்டி, சுவிட்சர்லாந்தில் ஃபிராங்க். அங்கெல்லாம் யூரோ கார்டைத் தேய்த்தால் மாற்றுக் கட்டணம் தனியாக விழும். ப்ராகில் தெருவில் வந்து பணம் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் நிற்கவே வேண்டாம். செல்லாத வேறு நாட்டு நோட்டைத் திணித்துவிடுவார்கள். கடையில் மாற்றி விகிதம் மோசம் என்று தெரிந்தால், செக் சட்டப்படி மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் ரத்து செய்துகொள்ளலாம். 1000 யூரோ வரைக்கும் இந்த உரிமை உண்டு.

போன் விஷயத்தில் ஒன்று மட்டும்: ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் வாங்கிய சிம் மற்ற ஒன்றிய நாடுகளிலும் கூடுதல் கட்டணமில்லாமல் வேலை செய்யும். சுவிட்சர்லாந்து அந்த ஏற்பாட்டில் இல்லை. ரயில் சுவிஸ் எல்லையைத் தொடும் முன் டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

படுக்கையும் சாப்பாடும்

ஊருக்கு வெளியே பத்து யூரோ குறைவாகக் கிடைக்கும் ஹாஸ்டல், தினமும் இரண்டு டிக்கெட்டும் ஒன்றரை மணி நேரமும் வாங்கிக்கொள்ளும். பதிவு செய்யும் முன் மூன்று விஷயம் பாருங்கள்: சமையலறை உண்டா, வரவேற்பு எத்தனை மணி வரை, விரிப்புக்குத் தனிக் கட்டணமா. பல ஊர்களில் சுற்றுலா வரியை நேரில் கேட்பார்கள். பூட்டு ஒன்று கையோடு எடுத்துப் போங்கள். லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. இரவுப் பேருந்தில் போனால் ஒரு நாள் வாடகை மிச்சம் என்பார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு இறங்கி, மதியம் வரை படுக்கையில்லாமல் தெருவில் சுற்றி, அன்றைய நாளைத் தூக்கத்தில் தொலைப்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

ஜெர்மனி, ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும். போலந்திலும் பெரும்பாலான ஞாயிறுகள் அப்படித்தான். சனிக்கிழமை மாலையே ரொட்டி, பழம், தயிர் வாங்கி வையுங்கள். உணவகத்துக்குப் போவதென்றால் மதியம் போங்கள். ஸ்பெயினில் மெனு தெல் தியா என்ற மதியச் சாப்பாடு, இரவு விலையில் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு வயிற்றை நிரப்பும். இத்தாலியில் காபியைக் கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை.

போலந்தில் பால் உணவகங்கள் என்று அழைக்கப்படும் மலிவு விலைச் சாப்பாட்டுக் கடைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. பார் ம்லேச்னி என்று பலகை இருக்கும். கவுன்டரில் பணம் கட்டி, சீட்டைச் சமையலறை ஜன்னலில் நீட்டினால் சூடான தட்டு வரும். பியெரோகி ரஸ்கியே என்பது உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த கொழுக்கட்டை மாதிரி. சைவக்காரர்கள் இதை நம்பிக் கேட்டுவிடுவார்கள், ஆனால் மேலே பொரித்த பன்றிக் கொழுப்பைத் தூவித் தருவது அங்கே வழக்கம். 'பெஸ் ஸ்க்வார்குஃப்' என்று சொல்லிவிடுங்கள், தூவ மாட்டார்கள். பாரிஸில் சோற்றுக்கு ஏங்கினால், கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பின்னால் லா ஷப்பேல் பகுதிக்கு நடந்து போங்கள். ஈழத் தமிழர்களின் கடைகளில் தோசையும் சோறும் அந்த ஊர் விலைக்கு மலிவாகக் கிடைக்கும்.

தனியாக இருக்கிறோம் என்பதை மறப்பது

பையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதுதான் தனிப் பயணத்தின் பெரிய வித்தியாசம். பார்சிலோனாவின் லா ராம்ப்ளா தெரு, ரோமின் 64ஆம் எண் பேருந்து, பாரிஸ் மெட்ரோ எல்லாம் ஜேப்படிக்குப் பெயர் போனவை. போனை மேஜைமேல் வைத்தபடி சாப்பிடாதீர்கள். கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுகிறவர், பாரிஸின் சாக்ரே கர் தேவாலயப் படிக்கட்டில் கையில் நூல் கட்ட வருகிறவர், இவர்களிடம் நிற்காமல் நடங்கள். பணத்தையும் இரண்டு கார்டுகளையும் ஒரே பர்ஸில் வைக்காமல் ஒரு கார்டைப் பைக்குள் ஆழமாகத் தனியே வையுங்கள். பாஸ்போர்ட், விசா, காப்பீட்டின் படங்கள் மின்னஞ்சலிலும் வீட்டில் ஒருவரிடமும் இருக்கட்டும். காப்பீடு விசாவுக்கு வைக்கும் காகிதம் மட்டுமல்ல. குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்கச் சொல்கிறார்கள், அதன் அவசர உதவி எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள்.

இரவு பதினொரு மணிக்குத் தெரியாத ஊரில் போய் இறங்கும் டிக்கெட், எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். பெண்களுக்கு மட்டும் என்று இருக்கும் டார்ம்களுக்கு (பலர் சேர்ந்து தங்கும் அறை) இரண்டு மூன்று யூரோ கூடுதலாக இருக்கலாம். நிம்மதியாகத் தூக்கம் வருமென்றால் தாராளமாகக் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் எந்தத் திட்டமும் வைக்காமல் துணி துவைத்து, சமைத்து, ஹாஸ்டல் சமையலறையில் பக்கத்தில் நிற்பவரோடு பேசுங்கள். அடுத்த ஊரில் எங்கே தங்கலாம், எந்தப் பேருந்து நேரத்துக்கு வராது என்பதெல்லாம் நேற்றுதான் அங்கிருந்து வந்தவருக்குத் தெரிந்திருக்கும். உடம்புக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் 112 என்ற அவசர உதவி எண் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இலவசம்; சிம்மில் பணம் இல்லாவிட்டாலும் போகும்.