கிரவலுக்குக் காணி கொடுக்க முன்: எத்தனை ஏக்கர், எத்தனை அடி, எத்தனை மாதம்

மாங்குளம், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் கிரவல் (சரளை மண்) தோண்டக் காணி கேட்டு வரும் ஒப்பந்தகாரர் முதலில் சொல்வது கியூப் விலைதான், அதாவது 100 கன அடிக்கு எவ்வளவு என்பது. காணிக்காரரும் அந்த விலையில் மட்டும் பேரம் பேசிவிட்டுக் கையெழுத்து வைக்கிறார். பிறகு வரும் தகராறுகளில் பெரும்பாலானவை விலையைப் பற்றியவை அல்ல. எவ்வளவு நிலம் கட்டுப்பட்டது, எவ்வளவு ஆழம் போனது, காணி எப்போது திரும்பி வரும் என்பவை பற்றியவை. விலையைப் பேசுவதற்கு முதல் இந்த மூன்றையும் எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் காணி உங்களுடையதாக இருந்தாலும் அடியில் உள்ள கனிப்பொருள் அரசுக்குரியது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது. ஆகவே ஒப்பந்தகாரர் உங்களுக்குத் தருவது கனிப்பொருளின் விலை அல்ல, உங்கள் காணிக்குள் இறங்கித் தோண்டவும், பாதை போடவும், குவித்து வைக்கவும் நீங்கள் விடுவதற்கான பணம். தோண்டும் உரிமத்தைப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் வழங்குகிறது. அதற்குக் காணிச் சொந்தக்காரரின் சம்மதம் தேவை. உங்கள் பலம் முழுவதும் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. குத்தகை எழுதி முடியும்வரை சம்மதக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது வரைபட இலக்கம், பரப்பு, ஆழம் மூன்றும் கடிதத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது, உங்கள் பத்திரம் என்ன வகை என்று பாருங்கள். வன்னியில் பல காணிகள் உறுதிக் காணிகள் (தனியார் சொந்தக் காணிகள்) அல்ல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு தந்த பேமிட் (அனுமதிப்பத்திரம்) அல்லது அளிப்புக் காணிகள். அவற்றைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து, எழுத்து அனுமதி கிடைக்காமல் யாருக்கும் குத்தகைக்குக் கொடுக்கக் கூடாது. பயிர்ச்செய்கைக்குத் தந்த காணியைத் தோண்டிக் கிடங்காக்கினால் பேமிட்டே ரத்தாகும் ஆபத்து உண்டு. உறுதிக் காணி என்றால் பங்காளிகளைப் பாருங்கள். பிரிக்கப்படாத பங்கில் உள்ள சகோதரம் கனடாவிலோ பிரான்சிலோ இருந்தால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவம் இல்லாமல் அவர் பங்கைத் தொட வேண்டாம்.

இனி அளவு. ஏக்கருக்கு மூன்று அல்லது நான்கு சோதனைக் குழிகள் போதும். மேல்மண் எத்தனை அங்குலம், கிரவல் எத்தனை அடி, அடியில் களியா பாறையா என்று ஒவ்வொரு குழியிலும் அளந்து எழுதுங்கள். மேல்மட்டத்துக் கிரவல் நல்லதாக இருந்து இரண்டு அடிக்குக் கீழே களி கலந்து வருவது இங்கே அடிக்கடி நடப்பது. ஒரு குழியை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் பிழைத்துவிடும்.

ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி, எனவே ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழம் சுமார் 435 கியூப். இதை மனதில் வைத்திருந்தால் யாரும் உங்களைக் கணக்கில் குழப்ப முடியாது. 200 அடிக்கு 435 அடி, அதாவது கிட்டத்தட்ட 2 ஏக்கர் காணியை எடுங்கள். எல்லையில் நான்கு பக்கமும் 20 அடி விட்டால் தோண்டக்கூடியது 160 அடிக்கு 395 அடி, 63,200 சதுர அடி. கிரவல் 4 அடி என்றால் 2,528 கியூப். இரண்டு ஏக்கர் கொடுத்தாலும் நிலத்தில் கால்வாசிக்கு மேல் எல்லைக்கே போய்விடுகிறது. சின்னக் காணிகளுக்கு இந்த இழப்பு இன்னும் கூடும், அதனால் ஓர் ஏக்கருக்குக் குறைந்த காணியைத் தனியாகக் கொடுப்பது பெரும்பாலும் பயனில்லாத வேலை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: நிலத்தில் இறுகி இருக்கும் கிரவலைத் தோண்டினால் அது உப்பும். 20 வீதம் உப்பினால் அந்த 2,528 கியூப், டிப்பரில் சுமார் 3,030 கியூபாக ஏறும். 3 கியூப் டிப்பரில் ஆயிரத்துக்கு மேல் லோட். 'கியூபுக்கு இவ்வளவு' என்று மட்டும் எழுதியிருந்தால், லோட் கணக்கில் காசு வாங்கலாம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். ஒப்பந்தகாரரோ முடிவில் கிடங்கை அளந்து குறைந்த எண்ணிக்கையைக் காட்டுவார். வித்தியாசம் 500 கியூப். 'டிப்பரில் ஏற்றிய கியூப்' என்ற சொல்லை ஒப்பந்தத்தில் கட்டாயம் போடுங்கள். ஒவ்வொரு டிப்பரின் பெட்டியையும் முதல் நாளே நாடா பிடித்து நீளம், அகலம், உயரம் அளந்து, வாகன இலக்கத்தோடு இணைப்பில் எழுதுங்கள். பலகை வைத்து உயர்த்தினால் மறுபடி அளக்க வேண்டும். ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு லோட்டுக்கும் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதால், அதன் பிரதியை வாரந்தோறும் உங்களுக்குத் தரவேண்டும் என்ற நிபந்தனையும் சேர்த்தால், வாசலில் எழுதும் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கட்டுப்படும் பரப்பை மிகக் கவனமாகப் பாருங்கள். 10 ஏக்கருக்கு ஒரே குத்தகை எழுதி, 'தோண்டும் வேலை நடக்கும்வரை செல்லும்' என்று ஒரு வரி போட்டால், ஒரு மூலையில் மாதத்துக்கு நாலு லோட் எடுத்தாலே முழுக் காணியும் அவர் கையில் இருக்கும். விதைக்கவும் முடியாது, வேறு ஒருவருக்குக் கொடுக்கவும் முடியாது. மாற்று வழி, காணியை ஓர் ஏக்கர் அல்லது இரண்டு ஏக்கர் துண்டுகளாக வரைபடத்தில் பிரித்து இலக்கம் போடுவது. ஒரு துண்டில் வேலை முடிந்து மேல்மண் திரும்பப் போட்ட பிறகே அடுத்தது திறக்கலாம். 12 மாதத்துக்குள் தொடாத துண்டு தானாகவே குத்தகையிலிருந்து விடுபடும் என்றும் எழுதுங்கள். ஒப்பந்தகாரர் இதை விரும்பமாட்டார். ஆனால் நல்ல கிரவல் இருந்தால் ஏற்றுக்கொள்வார்.

அயல் காணிகளைச் சேர்த்து ஒரே உரிமம் எடுக்கும்போது பங்கு எப்படி என்ற கேள்வி வரும். 2, 3, 5 ஏக்கர்க் காணிகள் மூன்று சேர்கின்றன என்று வையுங்கள். ஏக்கர்ப்படி பிரித்தால் 20, 30, 50 வீதம். ஆனால் கிரவல் முழுவதும் 2 ஏக்கர்க்காரர் பக்கம் இருந்தால் அவருக்கு அநியாயம். தோண்டிய இடத்துக்கு மட்டும் காசு என்றால், தன் காணிக்குள் டிப்பர்ப் பாதையும் குவியலும் வாங்கியவருக்கு ஒன்றுமில்லை. எங்கள் பார்வையில் நியாயமானது, எல்லோருக்கும் ஏக்கருக்கு மாத வாடகை, அதற்கு மேல் தோண்டிய காணிக்குக் கியூப் காசு. வாடகை தோண்டினாலும் தோண்டாவிட்டாலும் வரவேண்டும்.

காலத்தை மாரியோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரிவரை கிடங்கில் தண்ணீர், பாதையில் சேறு. 12 மாதக் குத்தகையில் உண்மையில் தோண்டுவது ஏழு, எட்டு மாதம்தான். 'மழையால் தடைப்பட்ட நாள் நீட்டிக்கப்படும்' என்ற வரி இருந்தால் ஒரு வருடம் இரண்டு வருடமாகிவிடும், அதை வெட்டுங்கள். முடியும் திகதியைச் செப்டம்பர் 30 என்று வைத்தால் மாரிக்கு முன் மூடல் வேலை முடியும்.

ஆழத்தை ஓகஸ்ட் மாதக் காய்ந்த குழியை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். பக்கத்துக் கிணற்றில் ஜனவரியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்று கேட்டு, அதற்கு 2 அடி மேலே நிறுத்தச் சொல்லுங்கள். கீழே போனால் அது வயலும் இல்லை, குளமும் இல்லை. நுளம்பு பெருகும், பிள்ளைகளும் மாடுகளும் விழும்.

மேல்மண்ணை முதலில் தனியாக வழித்து, 6 அடிக்கு மேல் உயராத குவியலாக எல்லையோரம் வைக்க வேண்டும். விற்கக் கூடாது என்று எழுதுங்கள், ஏனெனில் வீட்டு வளவுகளுக்கு அதற்கும் நல்ல கேள்வி உண்டு. முடிவில் ஓரங்களை ஓர் அடி ஆழத்துக்கு 2 அடி சரிவாக வெட்டி, மேல்மண் பரப்பித் தரவேண்டும். பணியகத்திடம் ஒப்பந்தகாரர் கட்டும் வைப்புப் பணம் உரிம நிபந்தனைகளுக்கானது, உங்கள் ஒப்பந்தத்துக்கல்ல. அதனால் ஏக்கருக்கு இவ்வளவு என்று தனி வைப்பு ஒன்றை நீங்களும் முற்பணமாக வாங்கி வையுங்கள். பெக்கோவின் (மண் தோண்டும் இயந்திரம்) மணித்தியாலக் கூலியைக் கேட்டு, மூடுவதற்கு உண்மையில் ஆகும் செலவைக் கணக்கிட்டே தொகையை வையுங்கள்.

யுத்தம் நடந்த இடங்களில் இன்னொன்று. வெடிபொருள் அகற்றிய பதிவு காணிக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மேற்பரப்பில் பயிர் செய்த நிலம் என்பதால் நான்கு அடிக்குக் கீழேயும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. சந்தேகமான பொருள் தட்டுப்பட்டால் பெக்கோவை நிறுத்தி, அதைத் தொடாமல் விலகி, பொலிசுக்குச் சொல்ல வேண்டும். அந்த நாட்களுக்கும் வாடகை ஓடும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதி, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். கடைத்தாளில் எழுதிய உடன்பாடு நீதிமன்றத்தில் நிற்காது. உரிமத்தின் பிரதியைக் கையில் வாங்கி, அதில் உள்ள எல்லை உங்கள் சேவயர் வரைபடத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே முதல் பெக்கோவை உள்ளே விடுங்கள்.