காமிக்ஸிலிருந்து வந்த சூப்பர்ஹீரோ படத்தை எடைபோடுவது எப்படி?

படத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அந்த நாயகனிடமிருந்து எதை எடுத்துவிட்டால் அவன் வேறு ஆளாகிவிடுவான் என்று யோசித்து, ஒரே வரியில் எழுதி வையுங்கள். உடை, சக்தி, முகமூடி இதையெல்லாம் எழுத வேண்டாம். ஸ்பைடர்மேன் என்றால் "தான் பிடிக்காமல் விட்ட திருடனே தன் பெரியப்பாவைக் கொன்றுவிட்டான் என்பதை ஒரு நாளும் மறக்க முடியாத பையன்" என்று நான் எழுதுவேன். சிலந்தி கடித்தது அந்த வரியில் வரவே இல்லை, கவனியுங்கள்.

இந்த ஒரு வரி கையில் இருந்தால் பாதிச் சண்டை தானாகத் தீர்ந்துவிடும். 2002-ல் வந்த ஸ்பைடர்மேன் படத்தில் வலை அவன் மணிக்கட்டிலிருந்தே வருகிறது. காமிக்ஸில் வலை வீசும் கருவியை அவனே உட்கார்ந்து செய்வான். ரசிகர்கள் இதற்காக அடித்துக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல, நானும் கோபப்பட்ட கூட்டத்தில்தான் இருந்தேன், ஏனென்றால் அந்தக் கருவிதான் அவன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று காட்டுகிறது. அந்த இழப்பு எனக்கு இன்றைக்கும் இழப்புதான். ஆனால் அந்தக் குற்றவுணர்ச்சி படத்தில் அப்படியே இருக்கிறது, அதனால் படம் நிற்கிறது.

எதிர்ப்பக்க உதாரணம் வேண்டுமா? டெட்பூல். வாயை மூடவே தெரியாத ஆள், பேச்சுதான் அவன். 2009-ல் வந்த வுல்வரின் படத்தில் அவன் வாயையே தைத்துவிட்டார்கள். 2016-ல் அதே நடிகர், ரயன் ரெனால்ட்ஸ், அதே பாத்திரத்தில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு திரும்பி வந்தார், ஜனங்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். வுல்வரினையே எடுத்துக்கொள்ளுங்கள், காமிக்ஸில் அவன் 5 அடி 3 அங்குலம், ஹ்யூ ஜாக்மேன் ஆறடியைத் தாண்டியவர். அந்த உயர வித்தியாசத்தை இன்றைக்கு யார் பேசுகிறார்கள்? கோபமும் தனிமையும் சரியாக அமைந்துவிட்டதால் உயரம் ஒரு பொருட்டாகவே இல்லாமல் போய்விட்டது.

அடுத்து, "காமிக்ஸில் இப்படி இல்லை" என்று யாராவது சொன்னால், எந்தக் காமிக்ஸ் என்று கேளுங்கள். மடக்குவதற்காகக் கேட்காதீர்கள், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். 1938-ல் முதலில் வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, உயர உயரத் தாவுவான், அவ்வளவுதான். 1939-ல் வந்த தொடக்கக் கதைகளில் பேட்மேன் துப்பாக்கி எடுத்திருக்கிறான், உயிரை எடுக்கமாட்டேன் என்ற விதி அப்புறம்தான் வந்து சேர்ந்தது. இத்தனை வருடங்களாக எத்தனையோ பேர் எழுதி, வரைந்து, மாற்றி வந்த பாத்திரத்துக்கு ஒரே ஒரு மூலம் என்று எதைக் காட்டுவது? எதிரில் இருப்பவர் சின்ன வயதில் முதலில் படித்த கதை எது என்று கேட்டுப் பாருங்கள், அவர் எதைக் காப்பாற்றப் போராடுகிறார் என்று உடனே புரிந்துவிடும்.

மாற்றம் என்றாலே துரோகம் என்று எடுத்துக்கொள்ளாமல், அந்த மாற்றம் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். எனக்குப் பிடித்த உதாரணம் 2008-ல் வந்த அயர்ன் மேன். 1963 காமிக்ஸில், பின்னால் அயர்ன் மேன் ஆகப்போகிற ஆயுத வியாபாரி டோனி ஸ்டார்க் வியட்நாமில் கண்ணிவெடியில் காயப்படுகிறான். படம் அதை ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோனது, காலத்துக்கு ஏற்ற மாற்றம், சரி. ஆனால் படம் அதோடு நிற்கவில்லை. பக்கத்தில் வந்து விழுகிற ஏவுகணையில் அவனுடைய சொந்தக் கம்பெனியின் பெயரே இருக்கிறது. தான் விற்ற ஆயுதம் தன் நெஞ்சிலேயே பாய்கிறது. காமிக்ஸில் ஏற்கெனவே இருந்த கருவை இந்த ஒரு மாற்றம் இன்னும் கூர்மையாக்கிவிட்டது. அதே மாதிரி, காமிக்ஸில் "அயர்ன் மேன் என் மெய்க்காப்பாளன்" என்று வருடக்கணக்கில் ஊரை நம்பவைத்தவன், படத்தின் கடைசியில் பத்திரிகையாளர்கள் முன்னால் உண்மையைப் போட்டு உடைக்கிறான். கதையைத் திருப்ப வேண்டுமே என்று வைத்த காட்சி மாதிரி அது தெரியவில்லை, அந்தக் கர்வம் பிடித்த மனிதன் அப்படித்தான் செய்வான் என்று தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறாக, கட்டத்துக்குக் கட்டம் அப்படியே எடுத்தும் தப்பிப்போகலாம். 2009-ல் வந்த வாட்ச்மென் படத்தில் பல ஃப்ரேம்கள் காமிக்ஸ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்தது போலவே இருக்கும், அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் புத்தகத்தில் முகமூடி போட்டவர்கள் பெரும்பாலும் களைத்துப்போன, கொஞ்சம் பரிதாபமான ஆட்கள். படத்தில் அவர்களே ஸ்லோமோஷனில் எலும்பு முறிய அழகாகச் சண்டை போடுகிறார்கள். காட்சி அப்படியே இருக்க, தொனி எதிர்ப்பக்கம் போய்விட்டது. க்ளைமாக்ஸை மாற்றியதை விட இதுதான் எனக்கு உறுத்தியது.

கிராஃபிக்ஸ் பற்றி ரொம்ப நேரம் பேச வேண்டாம் என்பது என் கருத்து. மோசமாக இருந்தால் கண்ணை உறுத்தும், நன்றாக இருந்தால் பத்து வருடத்தில் பழசாகிவிடும். அதற்குப் பதிலாக, சக்தி எதுவும் பயன்படாத ஒரு காட்சியைத் தேடிப் பிடியுங்கள். 1978 சூப்பர்மேனில், தான் விரும்பும் லோயிஸின் வீட்டில் கிளார்க் காத்திருக்கிறான், கண்ணாடி போட்ட சாதாரண ஆளாக சூப்பர்மேன் ஊருக்குள் வைத்துக்கொள்ளும் பெயர்தான் கிளார்க். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கண்ணாடியைக் கழற்றுகிறான். முதுகு நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் மாறுகிறது, போட்டிருக்கும் உடை என்னவோ அதேதான். அப்புறம் மனசு மாறி, குறுகி, மறுபடி கிளார்க் ஆகிவிடுகிறான். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் உடம்பை வைத்தே செய்த வேலை அது. ஒரு கண்ணாடியைப் போட்டால் எப்படி ஊருக்கு அடையாளம் தெரியாமல் போகும் என்ற பழைய கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

வில்லனிடமும் அதே வரியைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். நாயகனின் வரியை உடைக்க அவன் வருகிறானா, இல்லை ஊரை உடைக்க மட்டும் வருகிறானா? 2008-ல் வந்த பேட்மேன் படத்தில் ஹீத் லெட்ஜர் நடித்த வில்லன் ஜோக்கரின் தழும்பு எப்படி வந்தது என்று படம் சொல்லவே இல்லை, அவன் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறான். பின்கதை இல்லாமலே அவன் பயமுறுத்துகிறான், ஏனென்றால் கொல்லமாட்டேன் என்று இருக்கிற பேட்மேனைக் கொல்லவைக்கத் துடிக்கிறான்.

விவாதத்தில் உட்கார்ந்தால் "ஃபீல் இல்லை", "செட் ஆகவில்லை" என்று நிறுத்தாமல் காட்சியைச் சொல்லுங்கள். எந்தக் காட்சி, யார் என்ன முடிவெடுத்தார்கள், நீங்கள் எழுதிய வரியோடு அது எங்கே முட்டுகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் வரிதான் தப்பு என்று தெரியவந்தால் அடித்துவிட்டு மாற்றி எழுதுங்கள், எனக்கு பேட்மேன் விஷயத்தில் இரண்டு தடவை அப்படி நடந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று, வீட்டில் இரண்டாவது தடவை பார்க்கும்போது சண்டைகளை எல்லாம் ஓட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் பாருங்கள். நிறைய படங்களில் கதை ஒன்றும் குறையாது, அதுவே ஒரு தகவல்தான். 2004-ல் வந்த ஸ்பைடர்மேன் 2-ஐ நான் அப்படிப் பார்க்க ஆரம்பித்து ரயில் சண்டையையும் தாண்டிவிட்டேன். அடுத்து, முகமூடி இல்லாமல் மயங்கிக் கிடக்கிறவனைப் பயணிகள் மெதுவாக உள்ளே தூக்கிப் படுக்கவைக்கிறார்கள், இவ்வளவு சின்னப் பையனா என்று பார்க்கிறார்கள், இரண்டு சிறுவர்கள் அவன் முகமூடியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ரயிலை நிறுத்த அவன் பட்ட பாட்டைப் பார்க்காமல் அந்தக் காட்சி எனக்கு ஒட்டவே இல்லை. திரும்பப் பின்னால் போய், சண்டையை முதலிலிருந்து பார்த்தேன்.