நாட்டிய டீச்சரின் கடிதக் கட்டு: ஒதுக்கும்போது செய்யக்கூடாதவை

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்யும்போதுதான் மதுரைப் பக்கத்து வீடுகளில் பழைய கடிதக் கட்டுகள் வெளியே வருகின்றன. வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ ஒரு காலத்தில் நாட்டியம் சொல்லிக்கொடுத்திருப்பார். அவரிடம் படித்த பெண்கள் கல்யாணமாகித் திருநெல்வேலிக்கும் பம்பாய்க்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகு எழுதிய இன்லேண்டுகள், போஸ்ட் கார்டுகள், ஏரோகிராம்கள் டிரங்குப் பெட்டிக்குள் சணலில் கட்டிக் கிடக்கும். டீச்சர் எழுதிய பதில்களின் நகல் சிலதும் இருக்கும். அது பழைய பேப்பர் கடைக்குப் போகாமல் தப்பியதே பெரிது. ஆனால் தப்பிய பிறகு, பாசத்தோடு கைவைத்ததால் கெட்டுப்போன கட்டுகளும் நிறைய. அந்தத் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறோம்.

உடம்பால் கற்றுக்கொடுக்கும் கலையில் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு. எதிரே நிற்கும் மாணவியின் முட்டியைத் தொட்டுத் திருத்தும் டீச்சர் அதை எங்கும் எழுதிவைப்பதில்லை. மாணவி ஊரைவிட்டுப் போனால்தான் அதே திருத்தத்தை வார்த்தையில் சொல்ல வேண்டிவருகிறது. பெர்லினில் உடலசைவையும் மூச்சையும் கவனித்துப் பழகக் கற்றுக்கொடுத்த முன்னோடி எல்சா கிண்ட்லர் (1885–1961), 1926-ல் வெளியான ஒரு கட்டுரையைத் தவிர அச்சில் பெரிதாக எதையும் விட்டுச்செல்லவில்லை. 1945-ல் போர் முடியும் தறுவாயில் அவருடைய பயிற்சிக்கூடமும் அங்கிருந்த பதிவுகளும் அழிந்தன. அவர் கற்பித்ததைப் பற்றி இன்று தெரிவதில் பெரும்பகுதி, அமெரிக்காவுக்குக் குடியேறிய சார்லோட் செல்வர் போன்ற மாணவர்கள் வழியாக வந்தது. நம் ஊர் டீச்சர்களுக்கும் இதே கதிதான். மதுரையில் 1904-ல் பிறந்த ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ரா போன்ற பெரிய நிறுவனத்தின் வரலாற்றை எழுத ஆளிருக்கும். வீட்டுக் கூடத்தில் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த டிரங்குப் பெட்டிதான் வரலாறு.

கட்டைப் பிரிப்பதற்கு முன்

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, கட்டை அவிழ்த்த அன்றே மாணவி வாரியாகவோ வருஷ வாரியாகவோ பிரித்து அடுக்குவது. பார்க்கச் சீராகத்தான் இருக்கும். ஆனால் டீச்சர் எதை எதோடு சேர்த்து வைத்திருந்தார் என்பது அதோடு போய்விடும். “நீ கேட்டதற்கு: வலி முட்டியில் தெரிந்தாலும் தப்பு குதிகாலில் இருக்கிறது” என்று ஒரு நகலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தேதியும் இல்லை, பெயரும் இல்லை. அதற்கு அடுத்த தாள் எந்த மாணவியின் இன்லேண்டோ, அவர்தான் கேட்டவராக இருக்க வாய்ப்பு அதிகம். அடுக்கைக் கலைத்தால் அந்தப் பதில் அநாதை.

அதனால் முதலில் கட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கக் கீழ் மூலையில் மென்மையான 2பி பென்சிலால் கட்டு எண்ணும் தாள் எண்ணும் எழுதுங்கள்: 3/17 என்றால் மூன்றாம் கட்டு, பதினேழாம் தாள். பேனா வேண்டாம், ஸ்டிக்கர் கூடவே கூடாது. அதே எண்ணில் ஒரு நீள நோட்டில் தேதி, எழுதியவர், பெறுபவர், எத்தனை பக்கம், உள்ளே என்ன இருந்தது, என்ன சேதம் என்று வரிசையாக எழுதிவையுங்கள். எந்த வரிசை வேண்டுமானாலும் பிறகு அந்த நோட்டில் போட்டுக்கொள்ளலாம், தாள்களை நகர்த்த வேண்டியதில்லை.

உறையைத் தூக்கி எறிவதும் தபால்தலையை வெட்டி எடுப்பதும் இதே வகைத் தவறுகள். உள்ளே தேதியில்லாத கடிதத்துக்கு உறை மேலுள்ள தபால் முத்திரைதான் சாட்சி. ஒட்டியபடியே இருக்கும் இன்லேண்டு கிடைத்தால் ஓரத்தைக் கத்தரிக்காதீர்கள். இடமில்லாமல் மடிப்பின் உட்புறத்திலும் ஓரத்தைச் சுற்றியும் எழுதுவது அன்றைய வழக்கம். முனை மழுங்கிய மெல்லிய கத்தியை ஒட்டுக்கு உள்ளே விட்டு, மெதுவாகத் தள்ளித் திறக்க வேண்டும்.

மஞ்சள், குங்குமம், உலர்ந்த பூ

மூலைகளில் மஞ்சளாகக் கறை படிந்திருந்தால் அழுக்கு என்று நினைத்து அழிரப்பரை எடுத்துவிடாதீர்கள். அது சுபச்செய்திக்குத் தடவிய மஞ்சள். அரங்கேற்றம், கல்யாணம், குழந்தை பிறந்தது, ஏதோ ஒன்று. மூலை கிழிந்திருந்தாலோ கறுப்பு மை தடவியிருந்தாலோ அது துக்கச் செய்தியாக இருக்கலாம். கிழிசல் என்று ஒட்டிவிட்டால் அந்தக் குறிப்பு மறைந்துபோகும். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும், எனவே கண்ணாடிச் சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்ட வேண்டாம்.

மதுரைக் கடிதங்களில் மீனாட்சியம்மன் குங்குமப் பொட்டலம் அடிக்கடி கிடைக்கும். மாணவியின் சலங்கை பூஜைக்கு டீச்சர் அனுப்பியதும் இருக்கும், மாணவி ஊருக்கு வந்துபோன பிறகு அனுப்பியதும் இருக்கும். அதைக் கடிதத்துக்குள் விட்டால் மழைக்கால ஈரத்தில் நிறம் எழுத்துக்குள் இறங்கும். தூக்கி எறிந்தால் கடிதத்தில் “பிரசாதம் வைத்திருக்கிறேன்” என்ற வரிக்குப் பொருள் போய்விடும். பொட்டலத்தைத் தனிக் காகித உறையில் போட்டு, கடிதத்தின் எண்ணையே அதன்மேலும் எழுதி, பக்கத்தில் வையுங்கள். மல்லிகைச் சரத்தின் உலர்ந்த இதழுக்கும் இப்படியே. பூ இருந்த இடத்தில் பூச்சி வரும்.

பசை, டேப், உருண்டை

லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். சூட்டோடு ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளிலிருந்து பிரிக்க வழியில்லை. பால்பாயிண்ட் மை அந்தச் சூட்டில் பரவுவதும் உண்டு. செலோடேப்பின் பசை சில வருஷத்தில் பழுப்பாகித் தாளுக்குள் எண்ணெய்போல ஊறும், டேப் உதிர்ந்த பிறகும் கறை நிற்கும். மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. கிழிந்த தாளை ஒட்ட வேண்டும் என்ற ஆசையை அடக்கி, ஒரு வெள்ளைத்தாளை இரண்டாக மடித்து நடுவே வைத்தாலே போதும். ஒட்டும் வேலை பயிற்சி பெற்றவர்களுக்கு உரியது. துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேபிளையும் எடுக்கத்தான் வேண்டும். உருவினால் தாள் கிழியும். அடியில் ஒரு மெல்லிய அட்டையைச் செருகி, கால்களை நிமிர்த்தி, மேலே தூக்குங்கள். ரப்பர் பேண்டு உருகி ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், உதிரும் துணுக்கை மட்டும் எடுத்துவிட்டு மீதியை விட்டுவிடுங்கள்.

மே மாதம் மதுரையில் 40 டிகிரியை ஒட்டி வெயில் அடிக்கும். தகரக் கூரைக்கும் ஓட்டுக்கும் அடியிலுள்ள பரணில் அதைவிடக் கூடும். அந்தச் சூட்டில் மலிவான பிவிசி கவர்கள் வியர்த்து, எழுத்தைத் தங்கள்மேல் ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத தாளுறை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், அதன் அமிலம் இதற்கும் ஏறும். பீரோ வெளிச்சுவரிலிருந்து அரையடியாவது தள்ளி நிற்கட்டும். கரையான் சுவர் வழியாகத்தான் வரும், ஐப்பசி கார்த்திகை ஈரமும் அங்கிருந்துதான் இறங்கும்.

அந்துருண்டையின் வாடை உங்கள் மூக்குக்கும் நுரையீரலுக்கும் கெடுதல், பூச்சி முட்டைகளையும் அது சரியாக அழிப்பதில்லை. பச்சை வேப்பிலை ஈரத்தைக் கொண்டுவந்து கறை போடும். வசம்பைத் துணி முடிச்சில் கட்டித் தாளில் படாமல் வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பூச்சி உயிரோடு இருந்தால், கடிதங்களைக் காற்றுப்புகாத ஜிப் கவரில் போட்டு, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த உடனே திறப்பதுதான் இதில் நடக்கும் தவறு. குளிர்ந்த தாளில் நீர் கோத்து மை கரையும். ஒரு முழு நாள் கவர் மூடியே இருக்கட்டும். புகைப்படங்களை இந்த முறைக்கு உட்படுத்தாதீர்கள்.

பூஞ்சை பிடித்ததை வெயிலில் காயப்போடக்கூடாது. நிழலில் காற்றோட்டமாக உலர்த்தி, முகக்கவசம் அணிந்து, மெல்லிய பிரஷால் வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஊற்றுப்பேனா நீலமை வியர்வைத் துளி பட்டாலே ஓடும், கையைத் துடைத்துக்கொண்டு தொடுங்கள்.

தேதி வைப்பதில் சறுக்கும் இடங்கள்

“ஜய௵ தை௴ 5௳” என்று இருந்தால் பலர் பஞ்சாங்கப் பட்டியலைப் பார்த்து 1954 என்று எழுதிவிடுகிறார்கள். ஜய வருஷம் 1954 ஏப்ரலில் பிறந்தது, அதன் தை 1955 ஜனவரியில்தான் வரும். மார்கழி நடுவிலிருந்து பங்குனி முடிய எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வருஷத்தைக் கூட்ட வேண்டும். 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்புவதால் 1894-ஆ 1954-ஆ என்பதைத் தாளும் தபால்தலையும் சொல்லும்.

தேதியே இல்லாதவற்றுக்குச் சில பிடிகள் உண்டு. அணாவில் விலை போட்ட தபால்தலை 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய அச்சு. விலாசத்தில் பின்கோடு இருந்தால் கடிதம் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது; இல்லாததால் முந்தையது என்று முடிவுகட்ட முடியாது, வெகுகாலம் பலர் அதை எழுதவில்லை. “திண்டுக்கல், மதுரை ஜில்லா” என்பது 1985-க்கு முந்தைய வழக்கம். பழைய லை, னை வடிவத்தை மட்டும் வைத்து 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்று சொல்லிவிட வேண்டாம். பழகிய கை மாறாது.

கடிதத்தின் உச்சியிலுள்ள “உ” பிள்ளையார் சுழி. தமிழ் எண் இரண்டும் (௨) அதே வடிவம் என்பதால், அதை இரண்டாம் பக்கம் என்று எண்ணி, முதல் பக்கத்தைத் தேடி அலைந்தவர்கள் உண்டு.

சொற்கட்டைத் தட்டச்சு செய்யும்போது

இங்கேதான் இழப்பு அதிகம், யாருக்கும் தெரியாமலும் போகிறது. ஆட்டத்துக்குச் சொல்லும் தாளச் சொற்களான சொற்கட்டை டீச்சர் இப்படி எழுதியிருக்கலாம்:

தா ; தெய் , தெய் , தா

இந்தக் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் கார்வை, அதாவது சொல்லை நீட்டிப் பிடிக்கும் நேரம். ஒவ்வொரு சொல்லும் ஒரு எண்ணிக்கை, காற்புள்ளி ஒன்று, அரைப்புள்ளி இரண்டு. தா மூன்று, தெய் இரண்டு, மறுபடி தெய் இரண்டு, கடைசித் தா ஒன்று, மொத்தம் எட்டு. தட்டச்சு செய்பவர் வாக்கியக்குறி என்று நினைத்து “தா, தெய், தெய், தா” என்று சீராக்கினால் ஏழாகிவிடும். தாளத்தில் உட்காராது. படிக்கும் அடுத்த தலைமுறை, டீச்சருக்கே கணக்குத் தவறிவிட்டது என்று நினைக்கும்.

சொற்களுக்கு மேலே இழுத்த கோடு இரட்டை வேகம். அதை மேல்வரியின் அடிக்கோடு என்று படிக்கிறார்கள். அடியில் “வ”, “இ” என்று இருந்தால் வலது, இடது கால். வயதான டீச்சர்கள் எண்ணிக்கையைத் தமிழ் எண்ணில் போடுவதும் உண்டு. ௪ என்பதைச் ச என்றும் ௮ என்பதை அ என்றும் படித்து, இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறார்கள். தட்டச்சு செய்யும் ஆளுக்குத் தாளம் போடத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவர் பக்கத்தில் கையில் தாளம் போட்டு ஒவ்வொரு வரியையும் சொல்லிப் பார்க்க வேண்டும். கணக்கு இடித்தால் நீங்களாகத் திருத்தாதீர்கள். இருப்பதை அப்படியே எழுதி, சந்தேகத்தைத் தனியாகக் குறியுங்கள்.

முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டிக்கு வரைந்த குச்சி உருவங்களிலும் இதே கட்டுப்பாடு வேண்டும். ஆடுபவரின் வலதா பார்ப்பவரின் வலதா என்பது டீச்சருக்கு டீச்சர் மாறும். ஒரே கையெழுத்தில் நாலைந்து படங்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவர் பழக்கம் புரியும். படத்தைத் திருப்பி வரைந்து “சரி” செய்வது பாடத்தையே திருப்பிவிடும்.

யார் எழுதியது

“அக்கா”, “அம்மா”, “மாமி” என்று தொடங்கும் கடிதங்களை உறவினர் கடிதம் என்று ஒதுக்கிவைப்பது அடிக்கடி நடக்கிறது. டீச்சரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்குப் பின் அப்பாவின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வரும், ஆகவே நோட்டில் ஒரே பெண் இருவராகப் பதிவாகிவிடுவார். கையெழுத்தை ஒப்பிடுங்கள். டீச்சரின் பதிலில் “செல்வி” என்பது “சௌ.” என்று மாறும் இடத்தையும் பாருங்கள்.

படமெடுத்தல், பகிர்தல்

கருப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் மஞ்சளும் பென்சிலும் போச்சு. கலரில், 300 டிபிஐ; பென்சில் மங்கியிருந்தால் 600. போன் ஸ்கேன் செயலிகள் தாமாகவே பின்னணியை வெளுக்கவைக்கும், அந்த வசதியை அணைத்துவிடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், ஜன்னலோர நிழல் வெளிச்சம் போதும். வெற்றுப் பின்பக்கமும் உறையின் இரு பக்கமும் சேரட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். மாணவிகளின் குடும்பங்களைத் தேடிப்பிடித்து, அங்கே இருக்கும் டீச்சரின் கடிதங்களையும் படமெடுத்தால்தான் உரையாடல் முழுமையாகும். அசலைக் கேட்டு வாங்காதீர்கள்.

கடிதத் தாள் உங்கள் வீட்டுச் சொத்து, அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது. 1957 சட்டப்படி அது அவர் வாரிசுகளுக்குப் போகும். எழுதியவர் இருக்கும்போது அச்சாகாத எழுத்துக்கு, முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். சட்டத்தைவிடப் பெரியது இன்னொன்று. மாணவிகள் டீச்சரிடம் முட்டிவலியோடு கருச்சிதைவையும், புகுந்த வீட்டில் சலங்கையைப் பூட்டி வைத்ததையும் எழுதியிருப்பார்கள். 1947 தேவதாசி ஒழிப்புச் சட்டத்தை ஒட்டிய வருஷங்களின் கடிதங்களில் குடும்பப் பின்னணியைச் சொல்லும் வரிகள் இருக்கலாம். பேத்திகள் இன்றும் இதே ஊரில் இருக்கிறார்கள். ஃபேஸ்புக்கில் ஏற்றுவதற்கு முன் எழுதியவரிடமோ குடும்பத்திடமோ கேளுங்கள். அனுமதி கேட்டுப் பதில் வராத கடிதங்களுக்கு நேரே நோட்டில் சிவப்பு மையில் “பகிர வேண்டாம்” என்று எழுதி, அதே நோட்டின் நகலைப் பெட்டிக்குள்ளும் வையுங்கள்.