வளவுத் தக்காளியில் சல்சா: முதன்முறை செய்பவர்களுக்கு

தை, மாசியில் யாழ்ப்பாணத்தில் தக்காளிக்குப் பஞ்சமில்லை. மாரி மழை ஓய்ந்து தலையெடுத்த கன்றுகளெல்லாம் ஒரே நேரத்தில் பழுக்கத் தொடங்கும். திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் குவியல் குவியலாகக் கிடக்கும். கிணற்றடியில் நாலைந்து கன்று வைத்திருப்பவர்கள் வீட்டிலும் குழம்புக்கும் சொதிக்கும் போக மிஞ்சும். வளவில் பழுத்த நல்ல பழத்தை எல்லாம் அடுப்பில் கரைத்துத் தீர்த்துவிடாமல், ஒரு பங்கையாவது பச்சையாகச் சாப்பிட வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல வழி சல்சா.

சல்சா மெக்சிக்கோ நாட்டாரின் தொடுகறி. சுட்டு அரைப்பது, அவித்து அரைப்பது, சமைக்காமல் நறுக்கிக் கலப்பது என்று பல வகை உண்டு. இங்கே செய்யப்போவது நறுக்கிக் கலக்கும் வகை. அங்கே அதைப் 'பிக்கோ தே கையோ' என்பார்கள். தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி இலை, தேசிக்காய், அப்புறம் உப்பு. அவ்வளவுதான் சாமான். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். மிளகாய் போர்த்துக்கேயர் வழியாக நம் பக்கம் வந்து சேர்ந்தது. வெங்காயமும் கொத்தமல்லியும் தேசிக்காயும் ஸ்பானியர் காலத்தில் கடல் கடந்து மெக்சிக்கோவுக்குப் போனவை. ஆகவே இது ஏதோ வேற்றுநாட்டுச் சமையல், நமக்குச் சரிவராது என்று தயங்க வேண்டாம். எல்லாம் நம் குசினியில் தினமும் புழங்குபவைதான்.

கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: தக்காளியின் தண்ணீர். அதை அடக்கத் தெரிந்துவிட்டால் சல்சா கைவந்த மாதிரி. கீழே வரும் படிகளில் பாதி அதைப் பற்றியதுதான்.

தேவையானவை (நாலு பேருக்கு)

பழுத்த, ஆனால் கெட்டியான தக்காளி 500 கிராம்
நம் ஊர்ச் சின்ன வெங்காயம் 8 முதல் 10 வரை
பச்சை மிளகாய் 2 அல்லது 3
கொத்தமல்லி இலை தண்டோடு ஒரு கைப்பிடி
தேசிக்காய் 1
தூள் உப்பு முக்கால் தேக்கரண்டி

சீனி வேண்டாம், வினாகிரி வேண்டாம், போத்தல் தக்காளி சோஸ் வேண்டவே வேண்டாம். பழம் நன்றாக இருந்தால் இவை எதற்கும் வேலையில்லை. பழம் நன்றாக இல்லையென்றால் இவற்றால் அதைக் காப்பாற்றவும் முடியாது.

படி 1: ஆய்தல்

நல்ல சிவப்பேறி, அமர்த்தினால் சற்றே நெகிழும் பழம் வேண்டும். தொட்டாலே அமுங்குவதைக் குழம்புக்கு வையுங்கள். முட்டை வடிவத் தக்காளியில் சதை கூட, சாறு குறைவு. முதல் தடவைக்கு அதுதான் வசதி. உருண்டைப் பழத்தில் சாறு அதிகம், ருசியும் குறைவில்லை, வடிய விடும் நேரம் மட்டும் சற்றுக் கூடும்.

ஆய்வதற்கு முதல் இரண்டு நாள் கன்றுக்குத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து விடுங்கள். அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்த பழம் சப்பென்று இருக்கும், தோலும் வெடிக்கும். அணிலும் கிளியும் விட்டுவைக்காத வளவென்றால், அடிப்பக்கம் நிறம் மாறத் தொடங்கியவுடனேயே பறித்து வீட்டுக்குள் நிழலில் பரப்பி வையுங்கள். பழுக்கச் சூடுதான் தேவை, வெயில் தேவையில்லை. ஆனால் பிரிட்ஜில் வைக்க வேண்டாம். அந்தக் குளிரில் தக்காளியின் வாசனை அடங்கிவிடும், சதையும் மாப்பிடித்துப் போகும்.

கொத்தமல்லியைக் காலையிலேயே, வெயில் ஏறுமுன் வெட்டுங்கள். இங்கே அது கார்த்திகையிலிருந்து மாசிவரைதான் மனம் வைத்து வளரும். பங்குனி வெயில் பட்டவுடன் இலை நூலாகிப் பூத்துவிடும். அதனால் ஒரே பாத்தியில் மொத்தமாக விதைக்காமல், இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை ஒரு பிடி விதையைத் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவி வந்தால், தக்காளி பழுக்கும்போது இளசான இலையும் கைக்கெட்டும்.

படி 2: கழுவுதல்

சமைக்காமல் சாப்பிடப்போவதால் இதில் அவசரம் கூடாது. வளவில் பறித்ததென்றாலும் மண்ணும் பறவை எச்சமும் இருக்கும். தக்காளியை ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கையால் தேய்த்துக் கழுவுங்கள். கொத்தமல்லியை ஒரு பாத்திரத் தண்ணீரில் அமிழ்த்தி அலசினால் மண் அடியில் தங்கும். தண்ணீரை மாற்றி மாற்றி, அடியில் மண் தெரியாமல் போகும்வரை அலசுங்கள். கிணற்றுத் தண்ணீர் பாவிப்பவர்கள் கடைசிக் கழுவலைக் கொதித்தாறிய தண்ணீரில் செய்யுங்கள். பிறகு எல்லாவற்றையும் துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள். இலையில் ஒட்டிய தண்ணீரும் சல்சாவுக்குள்தான் போகும்.

மீனோ இறைச்சியோ வெட்டிய பலகையையும் கத்தியையும் அப்படியே எடுக்காதீர்கள்.

படி 3: வெங்காயமும் மிளகாயும் முதலில்

பெரிய வெங்காயத்தைவிட நம் செம்மண் வெங்காயத்துக்குக் காரம் கூட. பச்சையாக அப்படியே போட்டால் மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும். ஆகவே அதை முதலில் பதப்படுத்த வேண்டும்.

தோலுரித்து, முடிந்தளவு பொடியாக அரியுங்கள். மிளகாயைக் கீறி, உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பைப் பாருங்கள். காரம் பெரும்பாலும் இருப்பது அதில்தான். விதை அதோடு ஒட்டியிருப்பதால்தான் விதையும் காரமாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் வீடென்றால் நரம்பைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். காரம் வேண்டுமென்றால் விட்டுவிடுங்கள். மிளகாய் அரிந்த கையைக் கண்ணில் வைக்க வேண்டாம். அந்தக் காரம் வெறும் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் பூசித் தேய்த்து, அதற்குமேல் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் எரிச்சல் குறையும்.

இரண்டையும் கண்ணாடிக் கிண்ணத்திலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ போடுங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதைப் பிடிக்கும். கால் தேக்கரண்டி உப்புத் தூவி, தேசிக்காயில் பாதியைப் பிழிந்து கலந்து பத்து நிமிடம் வையுங்கள். பிழிவதற்கு முதல் தேசிக்காயைப் பலகையில் உள்ளங்கையால் அமர்த்தி உருட்டினால் சாறு நன்றாக இறங்கும். தோல் நசியும்வரை பிழிந்தால் கசப்பும் சேர்ந்து வரும்.

பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மங்கிய ஊதாவாக இருந்த வெங்காயத் துண்டுகள் ஓரத்திலிருந்து வெளிர்ச்சிவப்பாகி, கிண்ணத்தின் அடியில் அதே நிறத்தில் கொஞ்சம் சாறு ஊறியிருக்கும். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டால் மூக்கில் ஏறும் அந்த நெடி தணிந்து, மெல்லிய இனிப்பு தெரியும். அது வராவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள்.

படி 4: தக்காளி

கத்தி கூராக இருக்க வேண்டும். மொட்டைக் கத்தி தோலில் வழுக்கும், பிறகு சதையை நசித்துவிடும். வெட்டும்போதே பாதிச் சாறு பலகையில் ஓடும். மிக்சியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. சுற்றினால் காற்று ஏறி நுரைத்து, நிறம் வெளிறி, குடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். நறுக்கிச் செய்யும் சல்சாவுக்கு மிக்சி வேண்டாம்.

காம்புப் பக்கத்துக் கெட்டியை எடுத்துவிட்டு, பழத்தை வட்டத் துண்டுகளாக வெட்டி, பிறகு நீளமாகவும் குறுக்காகவும் கடலை அளவுக்கு நறுக்குங்கள். விதையையும் அதைச் சுற்றியிருக்கும் வழவழப்பையும் எடுத்து எறியச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தக்காளியின் சுவையில் பெரும்பங்கு அந்த வழவழப்பில்தான் இருக்கிறது.

நறுக்கியதை ஒரு வடிதட்டில் போட்டு, அடியில் பாத்திரம் வைத்து, மீதி அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவி மெதுவாகக் கிளறிவிடுங்கள். கல்லுப்புத்தான் இருக்கிறதென்றால் தூளாக்கிக்கொள்ளுங்கள். கல்லாகவே போட்டால் கரைவதற்குள் ஒரு துண்டு கரிக்கும், ஒரு துண்டு சப்பென்றிருக்கும். இருபது நிமிடம் அப்படியே இருக்கட்டும். சதைக்குள் இருக்கும் தண்ணீரை உப்பு வெளியே இழுக்கும். இப்போது வடியாவிட்டால் இதே தண்ணீர் பிறகு சாப்பாட்டு மேசையில் கிண்ணத்துக்குள் வந்து நிற்கும், வித்தியாசம் அவ்வளவுதான். கையால் அமர்த்திப் பிழிய வேண்டாம். தானாக வடிவது போதும்.

வடிந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். அதற்கும் வேலையிருக்கிறது.

படி 5: கலத்தல்

கொத்தமல்லியில் இலையை மட்டும் கிள்ளி எடுத்துத் தண்டை எறிவது வீண். இளந்தண்டில் வாசம் தாராளமாக உண்டு. தடித்த அடித்தண்டை மட்டும் நீக்கி, மற்றதை ஒரே வெட்டாகப் பொடியாக அரியுங்கள். திரும்பத் திரும்பக் கொத்தினால் இலை கறுத்துவிடும்.

வடிந்த தக்காளியை வெங்காயக் கிண்ணத்தில் கொட்டி, இலையைத் தூவி, அகப்பையால் அடியிலிருந்து இரண்டு மூன்று தரம் புரட்டுங்கள். இப்போது ருசி பாருங்கள். புளிப்புக் குறைவென்றால் மீதித் தேசிக்காய். உலர்ந்தமாதிரி இருந்தால் வடித்த சாற்றில் ஒரு மேசைக்கரண்டி. உப்பை மட்டும் கடைசியில், எதோடு சாப்பிடப்போகிறீர்களோ அதோடு சேர்த்து ருசித்தபிறகு முடிவு செய்யுங்கள். பப்படத்தில் ஏற்கெனவே உப்பு இருக்கும்.

பத்துப் பதினைந்து நிமிடம் மூடி வைத்தால் சுவைகள் ஒன்றோடொன்று சேரும். இரண்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிடுவது நல்லது. வெக்கை கூடிய நாளில் ஒரு மணித்தியாலத்துக்குமேல் வெளியே வைக்க வேண்டாம்.

எதோடு சாப்பிடலாம்

மெக்சிக்கோவில் சோள ரொட்டியோடும் அதைப் பொரித்த சீவலோடும் சாப்பிடுவார்கள். நமக்கு அதைவிடப் பொருத்தமானவை உண்டு. மொறுமொறுப்பாகப் பொரித்த மரவள்ளிச் சீவல் முதலாவது. பப்படம் அடுத்தது. என்னைக் கேட்டால் சூடைமீன் பொரியலுக்கு மேலே ஒரு கரண்டி சல்சா போட்டுச் சாப்பிடுவதற்கு ஈடு இல்லை. மீனின் எண்ணெய்ப் பிடிப்பைத் தேசிக்காய்ப் புளிப்பு வெட்டிவிடும். சுடச்சுடக் கோதுமை ரொட்டியும் சரிதான். புட்டோடு மட்டும் சேர்வதாக எனக்குத் தோன்றவில்லை. புட்டுக்குச் சம்பலே போதும்.

கை பழகியபின்

வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரும்போது, முழுதாகக் கனியாத ஒரு பழத்தைத் தக்காளி அளவுக்கே நறுக்கி, தக்காளியில் பாதியைக் குறைத்துச் சேர்த்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் கொத்தமல்லி கிடைக்காது. புதினாவைப் பாதி அளவு போடலாம். வல்லாரையையும் சிலர் போடுவார்கள். அதன் கைப்பு மேலே வந்து, சாப்பிடும்போது சம்பல் மாதிரித்தான் இருக்கும்.

சுட்ட சல்சா இன்னொரு வழி. கத்தரிக்காய் சுடுவதுபோலத் தக்காளியையும் மிளகாயையும் தணலில் தோல் கருகச் சுட்டு, தோலை உரித்து, அம்மியில் உப்போடு ஒன்றிரண்டாகத் தட்டி எடுங்கள். மெக்சிக்கோக்காரர் இதற்கு 'மொல்காஹெத்தே' என்ற மூன்று கால் எரிமலைக்கல் உரலைப் பாவிக்கிறார்கள். அம்மி இருக்கும் வீட்டுக்கு அது தேவையே இல்லை. இதற்கு வடிய விடவும் வேண்டாம். சுடும்போதே தண்ணீர் வற்றிவிடும்.

வைத்துச் சாப்பிட

மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் பிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். முதல் நாள் ருசி மூன்றாம் நாள் இராது; வெங்காயம் ஓங்கத் தொடங்கும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு மிளகாய்த்தூளும் மோர்மிளகாயும் பார்சல் கட்டும் பழக்கத்தில், இதையும் போத்தலில் அடைத்து அனுப்பலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊறுகாயில் இருக்கும் அளவு உப்போ புளிப்போ இதில் இல்லை. வெங்காயமும் மிளகாயும் சேரச்சேரத் தக்காளியின் புளிப்பு இன்னும் நீர்த்துப்போகும். அப்படிப்பட்ட கலவையைக் காற்றுப்புகாமல் மூடி வெளியே வைத்தால், உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் கிருமி உள்ளே வளர இடமுண்டு. மணத்தாலோ நிறத்தாலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்தச் சல்சா அன்றன்று செய்து சாப்பிடுவதற்கு.

மிஞ்சினால் மூன்றாம் நாள் தாச்சியில் நல்லெண்ணெய் விட்டு, சல்சாவைக் கொட்டித் தண்ணீர் வற்ற வதக்கி, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். பாணுக்கு நல்ல கறி. வடித்து வைத்த தக்காளிச் சாறு, சல்சா செய்த அன்றே இரவுச் சொதிக்குள் போகட்டும். அதில் உப்பு இருக்கிறது, சொதிக்கு உப்புப் போடும்போது பார்த்துப் போடுங்கள்.