பேரனுக்கு இழை எடுக்கும் முறை

அக்டோபர் 31, ஹாலோவீன் அன்று நியூ ஜெர்சியிலிருந்து மகள் வயிற்றுப் பேரன் ஒரு படம் அனுப்பினான். பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றியிருந்தான். முன்பு அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்தார்களாம். அமெரிக்காவில் குடியேறியவர்களுக்குப் பூசணி வாகாகக் கிடைத்ததாம். “ஆயா, உங்கள் காலத்தில் இப்படி ஏதாவது உண்டா?” என்று கேட்டான். எங்கள் தேவகோட்டை வீட்டில் நெருப்பை நாங்களே வாயில் போட்டுக்கொள்வோம் என்றேன். நம்பவில்லை. டிசம்பரில் வருகிறான். நகரத்தார் வீடுகளின் பிள்ளையார் நோன்பில், நூல் திரி எரியும் மாவுப் பிள்ளையாரைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதுதான் இழை எடுப்பது. அதற்கு அவனைத் தயார் செய்ய வேண்டும்.

நோன்பு திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள். மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடும் மாலை. கடலில் திசை தப்பிய நம் முன்னோர், வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழை உருவி நாள் எண்ணினார்கள் என்று அப்பத்தா சொல்வார்கள். ஆகவே ஆளுக்கு 21 நூல், கோடி (புது) வேட்டியிலிருந்து.

வேட்டி சுத்தப் பருத்தியாக இருக்க வேண்டும். ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: சாம்பலானால் பருத்தி, உருண்டு மணியானால் பாலியஸ்டர். அது நாக்கில் உருகிச் சொட்டும், வேண்டாம். 21 நூலையும் சேர்த்து முறுக்கித் திரியாக்கி, நுனியை மட்டும் நெய்யில் தொட்டெடுங்கள். முழுவதும் தோய்த்தால் சுடர் ஓங்கும், குழந்தை மிரளும்.

மாவுதான் சூட்சுமம். வறுத்த பச்சரிசி மாவு ஒரு டம்ளர், வெல்லத்தூள் முக்கால் டம்ளர். உருக்கிய நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டுப் பிசையுங்கள். அவசரப்பட்டு நெய்யைக் கொட்டினால் பிள்ளையார் நிற்க மாட்டார், சரிந்துவிடுவார். ஒரே வாயில் அடங்கும் அளவுக்குச் சின்னக் கூம்பாகப் பிடித்து, உச்சியில் திரியைச் செருகுங்கள். நகமளவு வெளியே தெரிந்தால் போதும். ஆவாரம்பூ, பொரி, பணியாரம் எல்லாம் வைத்துக் கும்பிட்ட பிறகு வீட்டுப் பெரியவர் ஏற்றிக் கொடுப்பார்.

எனக்கு ஏழு வயதில் முதல் இழை. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், வரிசையாக நின்றோம். முன்னால் நின்ற சின்ன அண்ணன் தைரியசாலிபோல வாயைத் திறந்து, பயத்தில் ‘உஃப்’ என்று ஊதி அணைத்துவிட்டான். அப்பச்சி (அப்பா) சிரிக்கவில்லை, மறுபடி ஏற்றிக் கொடுத்தார்கள். என் முறை வந்ததும் அப்பத்தா காதில் சொன்னார்கள்: “மூச்சை அடக்கு, வாயை அகலத் திற, உள்ளே போனதும் உதட்டை மூடு.” மூடியதும் காற்றில்லாமல் சுடர் செத்துவிடுகிறது. சூடு தெரிவதற்குள் வெல்லம்தான் தெரிந்தது. புகை வாசனை மட்டும் மூக்கில் கொஞ்ச நேரம் நின்றது.

பெண் பிள்ளைகளுக்கு முடியைப் பின்னி முடிந்துவிடுங்கள். நைலான் பாவாடை வேண்டாம். கைக்குழந்தைக்கு வாயில் தரக்கூடாது, பெரியவர் யாராவது அதற்காக எடுத்துக்கொள்ளலாம்.

மகள் இப்போது ஆறு மாதம். வயிற்றுப் பிள்ளைக்கும் தனி இழை உண்டு. அவளுக்கு மட்டும் 42 நூல் எடுத்து வைக்க வேண்டும்.