அரங்கேற்ற மலரில் பிள்ளையைப் பற்றிய குறிப்பு: எழுதும் முறை

பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு வெளியிடும் மலரில் ஆசியுரைகள் எத்தனை பக்கம் போனாலும், அரங்கேறும் பிள்ளையைப் பற்றிய குறிப்புக்கு ஒரு பக்கம்தான் ஒதுக்குவார்கள். படம் போக 150 முதல் 180 சொற்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதமுன் சான்றிதழ்க் கோப்பை எடுத்து வையுங்கள். வட இலங்கைச் சங்கீத சபை நடத்தும் நடனப் பரீட்சையில் எந்தத் தரம், எந்த ஆண்டு, என்ன சித்தி என்பதைப் பார்த்தே குறியுங்கள். ஞாபகத்தில் எழுதினால் பரீட்சை நடந்த ஆண்டும் சான்றிதழ் கைக்கு வந்த ஆண்டும் மாறிப்போகும். பாடசாலைகளுக்கான தமிழ்த்தினப் போட்டி என்றால் கோட்டமா, வலயமா, மாகாணமா, அகில இலங்கையா, தனியா, குழுவா, எத்தனையாம் இடம் என்று எழுதுங்கள். "பல போட்டிகளில் பரிசு பெற்றவர்" என்றால் பிள்ளையின் உழைப்பு அந்தப் "பல"வுக்குள் மறைந்துவிடும்.

"சிறுவயது முதலே நாட்டியத்தில் தீராத ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். எந்த மலரைத் திறந்தாலும் அந்த வரி இருக்கிறது. "ஆறு வயதில் தட்டடவோடு தொடங்கி, பதினொரு ஆண்டுகளாகப் பயில்கிறார்" என்பது போதும். இடையில் ஆசிரியர் மாறியிருந்தால் முதல் ஆசிரியரின் பெயரை விடவே கூடாது. முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டிக்கும், அடிப்படை ஆட்ட அசைவான அடவுக்கும் அத்திவாரம் போட்டவர் அவர்தான்.

பிள்ளை பயிலும் நாட்டியப் பாணியைக் குருவிடம் கேட்டு எழுதுங்கள். நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பயின்றவர். 1936இல் கலாக்ஷேத்திரா என்ற கலைப்பள்ளியைத் தொடங்கியவர். பந்தநல்லூர், கலாக்ஷேத்திரா என்ற இரண்டு பாணிகளையும் தொடர்பே இல்லாதவைபோல அடுக்கினால் விஷயம் தெரிந்தவர் கண்ணில் உடனே படும்.

அதிகம் சோடைபோவது படிப்பைப் பற்றிய பகுதி. "கல்வியிலும் சிறந்து விளங்குகிறார்" என்று முடித்துவிடுகிறார்கள். உயர்தரத்தில் எந்தப் பிரிவு, எந்தப் பாடம் பிடிக்கும், அது ஆட்டத்தோடு எங்கே சேர்கிறது என்று பிள்ளையிடமே கேளுங்கள். உயிரியல் படிக்கிறவருக்கு அரைமண்டியில் முழங்காலும் கணுக்காலும் பாரம் தாங்கும் விதத்தில் கேள்வி இருக்கலாம். கலைப்பிரிவுப் பிள்ளை காத்தவராயன் கூத்தின் ஆட்டத்தையும் பரதத்தின் அடவையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பலாம். இதற்கு மூன்று வாக்கியம் தாராளமாகக் கொடுங்கள். பிள்ளையின் சொந்தச் சிந்தனை தெரிகிற இடம் இது ஒன்றுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மட வளாகத்தில் நடனம் படிக்கும் எண்ணம் இருந்தால் விருப்பமாகவே எழுதுங்கள். அனுமதி கிடைக்கமுன் "பயிலவுள்ளார்" என்று அச்சேற்றக்கூடாது.

மேடையில் ஆடும் உருப்படிகளுக்குத் தனிப் பக்கம் உண்டு. குறிப்பில் முக்கிய உருப்படியான வர்ணத்தின் இராகமும் தாளமும் மட்டும் வந்தால் போதும்.

அச்சுக்குக் கொடுக்கமுன் அழைப்பிதழையும் மலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பெயர்களின் முதலெழுத்துகளைச் சரிபாருங்கள். "கலாபூஷணம்" அரச விருது. பெற்றவருக்கு மட்டும் போடுங்கள். பாட்டும் பக்கவாத்தியமும் வழங்கும் அணிசெய் கலைஞர்களின் பெயரையும் பட்டத்தையும் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். கடைசிப் படியைக் குரு வாசித்து ஒப்பமிட்ட பிறகே அச்சகத்துக்கு அனுப்புங்கள்.